“அது உங்க ஜிடிபி”: பிரெக்ஸிட் விவாதத்தில் ஓர் அரசியல் அறிஞர்

ஐரோப்பிய ஒன்றியத்தில் தொடர்வதா, விலகுவதா என்று பிரிட்டன் தன் மக்களிடம் கேட்ட 2016 ஜூன் பொது வாக்கெடுப்புக்கு முந்தைய வாரங்கள். வடகிழக்கு இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்தில் ஒரு கூட்டம். பேச வந்தவர் ஆனந்த் மேனன், லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ஐரோப்பிய அரசியல் பேராசிரியர். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் வெளியேறினால் நாட்டின் ஜிடிபி, அதாவது மொத்த உள்நாட்டு உற்பத்தி, எப்படிச் சரியும் என்று நினைத்துப் பாருங்கள் என்றார். கூட்டத்திலிருந்து ஒரு பெண் வெடுக்கென்று குரல் கொடுத்தார்: “அது உங்க பாழாப்போன ஜிடிபி. எங்களோடது இல்ல.”

பிரெக்ஸிட் எனப்படும் அந்த விலகல் பற்றி எழுதுபவர்களில் இந்த வரியைத் தொடாதவர்கள் குறைவு. மேனனே பிற்பாடு இதைச் சொல்லியிருக்கிறார். எடுத்தாள்பவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். மெத்தப் படித்தவர்களுக்கு விழுந்த சாட்டையடி என்று ஒரு சாரார் மகிழ்கிறார்கள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட சனங்கள் என்று இன்னொரு சாரார் உச்சுக்கொட்டுகிறார்கள். எனக்கு இரண்டுமே அவசரத் தீர்ப்பாகப் படுகின்றன. அரசியல் அறிஞர் ஒருவர் வர்த்தகத்தைப் பற்றிப் பொதுவெளியில் பேசும்போது எந்தத் தகுதியில் பேசுகிறார், எதை உறுதியாகச் சொல்ல முடியும், எதைச் சொல்லாமல் விட்டால் தப்பு என்பதை எல்லாம் பார்க்க இதைவிட நல்ல நிகழ்வு கிடைப்பது கஷ்டம்.

யார் காசில், யார் சார்பில்

மேனன் அங்கே தன் சொந்த ஹோதாவில் போய் நின்றவர் அல்ல. மாறிவரும் ஐரோப்பாவில் பிரிட்டனின் இடம் என்ன என்பதை ஆராயும் குழு ஒன்றின் இயக்குநர் அவர். குழுவுக்குப் பணம் கொடுத்தது பிரிட்டனின் பொருளாதார, சமூக ஆய்வு மன்றம். சுருக்கமாகச் சொன்னால் வரிப்பணம். பொருளியலுக்கு ஜொனாதன் போர்ட்டஸ், சட்டத்துக்குக் கேம்பிரிட்ஜின் கேத்தரின் பர்னார்ட் என்று மற்றத் துறைக்காரர்களும் உடன் இருந்தார்கள். ஆய்வுகள் சொல்வதைச் சாதாரணமானவர்களுக்குப் புரிகிறபடி சொல்ல வேண்டும், ஊர் ஊராகப் போய்க் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும், தொலைக்காட்சிக்கும் நாடாளுமன்றக் குழுக்களுக்கும் விளக்க வேண்டும். இதுதான் வேலை. கூடவே ஒரு நிபந்தனை: எந்தத் தரப்புக்கும் ஓட்டுக் கேட்கக் கூடாது.

நிபந்தனையைச் சொல்வது எளிது, காப்பாற்றுவது பெரும்பாடு. விலகல் தரப்பு ஒரு சிவப்புப் பேருந்தின் பக்கவாட்டில் “வாரம் 35 கோடி பவுண்டு ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அனுப்புகிறோம்” என்று எழுதி நாடு முழுக்க ஓட்டியது. பிரிட்டனுக்குக் கிடைத்த தள்ளுபடியைக் கழிக்காத எண் அது. தள்ளுபடி முன்கூட்டியே கழிக்கப்பட்டுவிடும் என்பதால் அந்த 35 கோடி ஒருநாளும் போனதில்லை. 2015ஆம் ஆண்டுக் கணக்கில் பார்த்தால் வாரத்துக்குச் சுமார் 25 கோடிதான். நாட்டின் புள்ளியியல் ஆணையமே இது மக்களைத் தவறாக வழிநடத்தும் எண் என்று எழுதியது. நடுநிலையாளர் இந்த எண் தவறு என்று சொல்லலாம். ஆனால் இதைச் சொல்பவர்களுக்கு ஓட்டுப் போடாதீர்கள் என்று சொன்னால் அவரும் பிரசாரகர் ஆகிவிடுவார்.

இதே நாட்களில் லிவர்பூல் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் மைக்கேல் டூகன் அந்தக் கோட்டைத் தாண்டினார். விலகல் பிரசாரம் நேர்மையின்மையை ஒரு தொழிற்சாலை அளவுக்கு உற்பத்தி செய்கிறது என்ற ரீதியில் அவர் பேசிய காணொளியைப் பல லட்சம் பேர் பார்த்தார்கள். பார்க்கத் துணிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் ஏற்கெனவே ஒப்புக்கொண்டவர்களிடம்தான் அந்த வீடியோ அதிகம் சுற்றியிருக்கும் என்பது என் எண்ணம். மேனன் பாணியில் இந்தக் காரம் இல்லை. சில சமயம் ‘இரண்டு பக்கமும் நியாயம்’ என்று வழுக்கிப் போகிற ஆபத்தும் அதில் உண்டு. ஆனாலும் வாக்கெடுப்பு முடிந்தபிறகு இரண்டு தரப்பும் கூப்பிட்டுக் கேட்கிற ஆளாக நிலைத்தவர் அவர்தான்.

நியூகாசிலில் அவர் சொன்ன விஷயம் அவருடைய துறையே இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஜிடிபி எவ்வளவு சரியும் என்பது பொருளியல்காரர்கள் கணித மாதிரிகளை வைத்துக் கணக்கிட்ட எண். அரசியல் அறிவியல்காரர் அதைக் கடன் வாங்கிச் சொன்னார். அந்தக் கடனுக்குத்தான் வட்டி கட்ட நேர்ந்தது.

அந்த ஊர்க்காரருக்குத் தெரிந்த கணக்கு

நியூகாசிலுக்குப் பக்கத்து ஊர் சண்டர்லாந்து. வேர் ஆற்றங்கரையில் தலைமுறை தலைமுறையாகக் கப்பல் கட்டிய ஊர். கடைசிக் கப்பல் தளம் 1988இல் மூடியது. மங்க்வேர்மவுத் நிலக்கரிச் சுரங்கம் 1993இல் மூடப்பட்டது. அந்த இடத்தில்தான் இன்றைய கால்பந்து மைதானம் நிற்கிறது. தெற்கே போனால் ரெட்கார். அங்கிருந்த உருக்காலை 2015 அக்டோபரில் மூடி, சுமார் 2,200 பேர் வேலை இழந்தார்கள். வாக்கெடுப்புக்கு எட்டு மாதம் முன்னால்தான் இது நடந்தது. 2010க்குப் பிறகு வந்த சிக்கன நடவடிக்கையில் உள்ளூராட்சி மன்றங்களின் கையிருப்பு வேறு வற்றிப்போனது. தலைக்கு எவ்வளவு உற்பத்தி என்று பார்த்தால் லண்டன் வடகிழக்கைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

இத்தனை வருடமும் நாட்டின் ஜிடிபி ஏறிக்கொண்டுதான் இருந்தது. ஏறியபோது எங்கள் தெருவுக்கு வராத ஒன்று இறங்கும்போது மட்டும் எங்களை என்ன செய்துவிடும்? குரல் கொடுத்த பெண்ணின் வாதத்தை நீட்டினால் இதுதான் வருகிறது. முட்டாள்தனமான கேள்வி அல்ல. நாட்டு வருமானம் யாருக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது என்பது பொருளியலிலேயே பழைய கேள்வி.

அந்த வாதத்தில் ஓர் ஓட்டை இருந்தது என்பதும் உண்மை. லாபம் வந்து சேராத இடத்துக்கு நஷ்டமும் வராது என்று ஒரு நியதியும் கிடையாது. சண்டர்லாந்தில் 1986இல் திறந்த நிஸான் கார் ஆலையில் ஏறத்தாழ 7,000 பேர் வேலை செய்தார்கள். அங்கே செய்த கார்களில் பெரும்பகுதி கடல் கடந்து ஐரோப்பாவுக்குப் போனது. வடகிழக்கின் ஏற்றுமதியில் பாதிக்கு மேல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குத்தான். வர்த்தகத்தில் தகராறு வந்தால் முதலில் ஆட்டம் காணக்கூடிய பிரதேசம் அது.

இதை அந்தக் கூட்டத்தில் முதலில் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. “நாட்டு ஜிடிபி சரியும்” என்பதற்குப் பதில், “நிஸானுக்கு உதிரிபாகம் தினம் தினம் லாரியில் வருகிறது, அந்த லாரி டோவர் துறைமுகத்தில் ஒரு நாள் நின்றால் இங்கே ஷிப்ட் நிற்கும்” என்று ஆரம்பித்திருக்கலாம். ஓட்டு மாறியிருக்கும் என்று சொல்லவரவில்லை. பேச்சு வேறு திசையில் போயிருக்கும்.

ஜூன் 23 இரவு முடிவுகள் வரத் தொடங்கியபோது முதல் அதிர்ச்சி இந்த இரண்டு ஊர்களிலிருந்துதான். நியூகாசிலில் ஒன்றியத்தில் தொடரும் தரப்பு சுலபமாக ஜெயிக்கும் என்று எதிர்பார்த்தார்கள், 50.7 சதவீதத்தில் தப்பிப் பிழைத்தது. அடுத்து சண்டர்லாந்து: விலகலுக்கு 61.3 சதவீதம். பவுண்டு அப்போதே சரிய ஆரம்பித்தது. விடிவதற்குள் ஒரு பவுண்டு 1.50 டாலரிலிருந்து 1.33 வரை இறங்கி 1985க்குப் பிறகு காணாத மட்டத்தைத் தொட்டது. நாடு முழுக்க 1 கோடியே 74 லட்சம் பேர் விலகலுக்கும், 1 கோடியே 61 லட்சம் பேர் தொடர்வதற்கும் ஓட்டளித்திருந்தார்கள். 51.9க்கு 48.1.

நிபுணர்கள் எங்கே சரி, எங்கே தப்பு

சரி, ஜிடிபி பற்றிச் சொன்னதில் எது நடந்தது? இங்கே இரண்டு தனித்தனிக் கணிப்புகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. குழப்பிக்கொண்டதால்தான் பாதிச் சண்டையே.

2016 ஏப்ரலில் நிதியமைச்சகம் நீண்டகாலக் கணிப்பு ஒன்றை வெளியிட்டது. கனடா பாணியில் தனி வர்த்தக ஒப்பந்தம் போட்டுக்கொண்டு விலகினால், 2030 வாக்கில் ஜிடிபி, ஒன்றியத்திலேயே இருந்திருந்தால் எட்டியிருக்கக்கூடிய அளவைவிட 6.2 சதவீதம் குறைவாக இருக்கும் என்றது. கையோடு அந்தத் தொகையைக் குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்து, வீட்டுக்கு 4,300 பவுண்டு நஷ்டம் என்று பதாகை அடித்துவிட்டார்கள். இதைவிட மோசமான பிரசாரம் இருக்க முடியாது. ஜிடிபி என்பது வீட்டுக்கு வரும் சம்பளம் அல்ல. வருமானம் உயராது என்பதையும், கையிலிருக்கும் பணம் போய்விடும் என்பதையும் ஒன்றாக்கிக் காட்டினால் கேட்பவர்களுக்கு ஏமாற்று வாசம் அடிக்காதா?

மே மாதம் வந்தது குறுகியகாலக் கணிப்பு. விலகல் ஜெயித்தால் ஒரு வருடம் நீளும் மந்தம், சுமார் 5 லட்சம் பேருக்கு வேலை போகும் என்றது. ஜெயித்தது. மந்தம் வரவில்லை. வேலையில்லாத் திண்டாட்டம் குறைந்துகொண்டே போனது. 2017 ஜனவரியில் இங்கிலாந்து வங்கியின் தலைமைப் பொருளியலாளர் ஆண்டி ஹால்டேன், 1987இல் பெரும்புயல் வருவதற்குச் சற்றுமுன் புயல் ஒன்றும் இல்லை என்று சொன்ன வானிலை அறிவிப்பாளர் மைக்கேல் ஃபிஷ்ஷின் பெயரை இழுத்து, தங்கள் துறைக்கு நேர்ந்ததும் அதுபோலத்தான் என்றார்.

நிபுணர்கள் மீதான கோபத்துக்கு முன்பே ஒரு வாசகம் தயாராக இருந்தது. ஜூன் 3 அன்று தொலைக்காட்சிப் பேட்டியில் விலகல் தரப்பின் மைக்கேல் கோவ், இந்த நாட்டு மக்களுக்கு நிபுணர்கள் போதும் போதும் என்றாகிவிட்டது என்றார். வாக்கியம் அங்கே முடியவில்லை. எழுத்துச் சுருக்கப் பெயர்களை வைத்துக்கொண்டு, எது நல்லது என்று தங்களுக்கே தெரியும் என்று சொல்லித் திரும்பத் திரும்பத் தப்பு செய்கிற நிறுவனங்களின் நிபுணர்கள் என்று நீண்டது. பின்பாதியை எல்லோரும் வெட்டிவிட்டார்கள். கோவ் சொன்னதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனாலும் வெட்டாமல் படித்தால் அதில் விவாதிக்க ஒரு பொருள் இருக்கிறது.

அந்தப் பக்கமும் நிபுணர்கள் இல்லாமல் இல்லை. விலகினால் ஜிடிபி சுமார் 4 சதவீதம் கூடும் என்று பொருளியலாளர் பேட்ரிக் மின்ஃபோர்டும் அவருடைய சகாக்களும் சொன்னார்கள். பொருளியலாளர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பில் பத்தில் ஒன்பது பேர் பாதகம் என்றிருந்தார்கள். ஆனால் தொலைக்காட்சியில் பார்த்தால் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவருக்குத் துறை சரிபாதியாகப் பிளந்திருப்பதாகத்தான் தெரியும்.

2018 ஜனவரியில் அரசின் உள் ஆய்வு ஒன்று ஊடகத்துக்குக் கசிந்தது. நியூகாசில் நிகழ்வை எடுத்தாள்பவர்கள் இதைத் தவறாமல் பக்கத்தில் வைக்க வேண்டும் என்பேன், ஆனால் பெரும்பாலும் வைப்பதில்லை. தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தோடு விலகினால் 15 வருடத்தில் நாட்டின் வளர்ச்சி 5 சதவீதம் குறையும் என்றது அந்த ஆய்வு. கூடவே பிரதேச வாரியாகப் பிரித்தும் காட்டியிருந்தது. அதே நிலவரத்தில் லண்டனுக்கு 2 சதவீதம், வடகிழக்குக்கு 11. ஒப்பந்தமே இல்லாமல் விலகினால் லண்டனுக்கு 3.5, வடகிழக்குக்கு 16. கணிப்புத்தான், நடந்தே தீரும் என்று யாரும் எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் திசையைப் பாருங்கள். சரியப்போகும் ஜிடிபி லண்டன் பேராசிரியருடையதாக இருந்ததைவிட அந்தப் பெண்ணுடையதாகவே அதிகம் இருந்தது. கூட்டம் நடந்தபோது இந்த அட்டவணை பொதுவெளியில் இல்லை. 6.2 என்ற தேசியச் சராசரிதான் எல்லார் வாயிலும் இருந்தது.

அரசியல் அறிவியலின் சொந்தக் கேள்வி

வர்த்தகத்தில் அரசியல் அறிஞர்களுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் 1930க்குப் போய்ப் பார்க்கலாம். அமெரிக்காவில் ஸ்மூட்–ஹாலி இறக்குமதி வரிச் சட்டத்தில் கையெழுத்துப் போடாதீர்கள் என்று 1,028 பொருளியலாளர்கள் ஜனாதிபதி ஹூவருக்கு மனுக் கொடுத்தார்கள். ஜூன் 17 அன்று அவர் கையெழுத்துப் போட்டார். இ. இ. ஷாட்ஷ்னைடர் என்ற அரசியல் அறிஞர் இதைப் பார்த்துக் கேட்டது வேறு கேள்வி. வரி நல்லதா கெட்டதா என்பதற்குள் அவர் போகவில்லை. நாடாளுமன்றக் குழு முன் சாட்சி சொல்ல யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று பார்த்தார். வரியால் லாபம் பெறும் உற்பத்தியாளர்கள் கூட்டமாக வந்தார்கள். அதற்கு விலை கொடுக்கப்போகிற நுகர்வோர் வரவே இல்லை, ஏனென்றால் ஒவ்வொருவருக்கும் வரும் இழப்பு சிறியது, சிதறியது.

யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம், முடிவெடுக்கும் அறைக்குள் யார் என்பதே அரசியல் அறிவியல் தன் கையால் சமைக்கக்கூடிய கேள்வி. வாக்கெடுப்புக்குப் பிறகு மேனனும் அவர் குழுவும் வலுவாகப் பேசியது இந்த இடத்தில்தான் என்பது என் மதிப்பீடு. ஜிடிபி எவ்வளவு என்பது பின்னுக்குப் போய், “சரி, வெளியே போக முடிவாகிவிட்டது, எப்படி, யார் முடிவெடுப்பது?” என்ற கேள்வி முன்னுக்கு வந்தது.

அந்தக் கேள்விக்கு அரசாங்கத்திடமே விடை இல்லை. வாக்குச்சீட்டில் ‘தொடர்வதா, விலகுவதா’ என்பதற்கு மேல் எதுவும் கிடையாது. நார்வே மாதிரி, பொது விதிகளை ஏற்றுச் சரக்கு தடையின்றிப் போய்வரும் ஒற்றைச் சந்தைக்குள் இருப்பதா, துருக்கி மாதிரி சுங்க உடன்பாடா, கனடா மாதிரி வெறும் ஒப்பந்தமா? பிரதமர் தெரேசா மே, 2017 மார்ச் 29 அன்று விலகல் அறிவிப்பைக் கொடுத்து இரண்டு வருடக் கெடுவை ஓடவிட்டார். அடுத்து ஜூனில் தேர்தல் வைத்து இருந்த பெரும்பான்மையையும் இழந்தார். 2019 ஜனவரி 15 அன்று அவருடைய ஒப்பந்தம் 432க்கு 202 என்று 230 ஓட்டு வித்தியாசத்தில் தோற்றது. அதே வருடம் அவருக்குப் பின் பிரதமரான போரிஸ் ஜான்சன் நாடாளுமன்றத்தை ஐந்து வாரம் முடக்கிவைக்கப் பார்க்க, செப்டம்பர் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமனதாக அது சட்டவிரோதம் என்றார்கள். வர்த்தகம் பற்றிய தகராறு, நாட்டை யார் ஆள்வது என்ற தகராறாகவே மாறிவிட்டது. செய்தி வாசிப்பாளர்கள் அரசியல் அறிஞர்களைத் தேடி ஓடியதில் ஆச்சரியம் இல்லை.

வட அயர்லாந்து விஷயத்தில் ஆளுகையும் வர்த்தகமும் பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடந்தன. பல்லாண்டு வன்முறையை முடித்துவைத்த 1998ஆம் ஆண்டின் பெரிய வெள்ளி உடன்பாட்டுக்குப் பிறகு வட அயர்லாந்துக்கும் அயர்லாந்துக் குடியரசுக்கும் இடையிலுள்ள சுமார் 500 கிலோமீட்டர் எல்லையில் சோதனைச்சாவடி கிடையாது. பிரிட்டன் ஒற்றைச் சந்தையை விட்டுப் போனால் சரக்கை எங்கேயாவது சோதித்தாக வேண்டும். நில எல்லையில் சோதித்தால் சமாதானத்துக்கு ஆபத்து. ஐரிஷ் கடலில் சோதித்தால் ஒரே நாட்டுக்குள் எல்லை. ஜான்சன் கடலைத் தேர்ந்தெடுத்தார். அதை எதிர்த்து, பிரிட்டனோடு இணைந்தே இருக்க வேண்டும் என்கிற ஜனநாயக ஒன்றியவாதக் கட்சி 2022 பிப்ரவரி முதல் 2024 பிப்ரவரி வரை வட அயர்லாந்தின் ஸ்டார்மன்ட் ஆட்சியையே இயங்கவிடாமல் வைத்தது. நடுவே 2023இல் வின்ட்சர் உடன்பாடு வந்து விதிகளைக் கொஞ்சம் தளர்த்தியது. இதை ஜிடிபி எண் ஒன்றுக்குள் அடக்க முடியாது.

பொதுவெளியில் பேசும் பேராசிரியர்களுக்கு இந்த வருடங்கள் சுலபமாக இருக்கவில்லை. 2017 அக்டோபரில் ஆளுங்கட்சியின் கொறடாக்களில் ஒருவரான கிறிஸ் ஹீட்டன்-ஹாரிஸ், ஐரோப்பிய விவகாரம் கற்பிக்கும் பேராசிரியர்களின் பெயர்களையும், பிரெக்ஸிட் பற்றிய பாடத்திட்டத்தையும் அனுப்பும்படி துணைவேந்தர்களுக்கு எழுதினார். பிரதமர் அலுவலகம் இது தங்கள் சார்பில் எழுதப்பட்டது அல்ல என்று ஒதுங்கிக்கொண்டது. ஆனாலும் பெயர்ப் பட்டியல் கேட்கும் கடிதத்தைப் படிக்கிற விரிவுரையாளருக்கு என்ன தோன்றும்?

இதற்கு நேர் எதிர்க் கோடியில் ஒரு வேடிக்கையும் நடந்தது. அதே 2017 தேர்தலில் தொழிற்கட்சி 38 சதவீதம் வாங்கினால் என் புத்தகத்தையே தின்கிறேன் என்று அரசியல் அறிஞர் மேத்யூ குட்வின் சொல்லியிருந்தார். கட்சி 40 சதவீதம் வாங்கியது. மனிதர் தொலைக்காட்சி நேரலையில் உட்கார்ந்து பக்கத்தைக் கிழித்து வாயில் போட்டு மென்றார். துறை மொத்தத்துக்கும் சேர்த்து அவர் ஒருவரே பரிகாரம் செய்துவிட்டார் என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

2021க்குப் பிறகு

பிரிட்டன் 2020 ஜனவரி 31 அன்று வெளியேறியது. வர்த்தக ஒப்பந்தம் டிசம்பர் 24 அன்று முடிவாகி, ஒரு வாரத்தில் நடைமுறைக்கு வந்தது. சுங்கவரி கிடையாது, அளவுக் கட்டுப்பாடு கிடையாது என்று அரசு பெருமைப்பட்டது. அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை.

ஜனவரியில் நெதர்லாந்தின் ஹூக் துறைமுகத்தில் பிரிட்டனிலிருந்து வந்திறங்கிய லாரி ஓட்டுநரின் பன்றி இறைச்சி சாண்ட்விச்சைச் சுங்க அதிகாரிகள் பறித்துக்கொண்டார்கள். இறைச்சியை எடுத்துக்கொண்டு ரொட்டியையாவது கொடுங்களேன் என்று ஓட்டுநர் கேட்டார். “பிரெக்ஸிட்டுக்கு நல்வரவு, மன்னிக்கணும்” என்று சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார் அதிகாரி. உலகமே சிரித்தது. அதே விதி ஸ்காட்லாந்தின் நண்டு, இறால் ஏற்றுமதியாளர்கள் மேல் பாய்ந்தபோது யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு சரக்குக்கும் சுகாதாரச் சான்றிதழ், கையெழுத்துக்கு அலுவலர், பிறகு சுங்கப் படிவங்கள். உயிர்நண்டு காகிதத்துக்காகக் காத்திருக்காது. கடுப்பாகிப்போனவர்கள் லாரிகளைக் கொண்டுவந்து லண்டனில் அரசு அலுவலகங்கள் இருக்கும் தெருவில் நிறுத்தினார்கள்.

மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடைகளில் விற்கும் பன்றி முக மிட்டாயின் கதை இன்னும் நுணுக்கமானது. மிட்டாய் ஜெர்மனியில் தயாராகி பிரிட்டனுக்கு வருகிறது. அங்கிருந்து அப்படியே அயர்லாந்துக் கடைக்கு அனுப்பினால் வரி விழும். வரி இல்லை என்ற சலுகை பிரிட்டனிலோ ஒன்றியத்திலோ உருவான பொருளுக்கு. ஆனால் ஒன்றியத்தில் செய்த பொருள் பிரிட்டனில் எந்த வேலைப்பாடும் இல்லாமல் திரும்பி ஒன்றியத்துக்குள் போனால் அந்தச் சலுகையை இழந்துவிடும். ஐரோப்பாவில் செய்த மிட்டாய்க்கு ஐரோப்பாவுக்குள் நுழைய வரி! தேர்தல் மேடையில் இதை விளக்க யாரால் முடியும்?

பிரிட்டன் தன் பக்கத்துச் சோதனைகளைத் திரும்பத் திரும்பத் தள்ளிப்போட்டது. கடைசியில் 2024 ஏப்ரல் 30 அன்றுதான் உணவு, தாவரச் சரக்குகளை நேரில் சோதிப்பது தொடங்கியது. ஒரு சரக்குக்கு அதிகபட்சம் 145 பவுண்டு கட்டணம். பெரிய நிறுவனத்துக்கு அது கைச்செலவு. வாரம் ஒரு வேனில் இத்தாலியச் சீஸ் வரவழைக்கிற கடைக்காரருக்கு லாபமே அதுதான்.

வாக்கெடுப்பு முடிந்த கையோடு வரும் என்று சொன்ன இடி விழவில்லை. நடந்தது கரையான் அரிப்பது மாதிரி. அரசின் நிதிநிலையைக் கணிக்கும் சுயேச்சையான அமைப்பான பட்ஜெட் பொறுப்புக்கான அலுவலகம், நீண்டகாலத்தில் உற்பத்தித்திறன் ஒன்றியத்திலேயே இருந்திருந்தால் இருந்திருக்கும் அளவைவிட 4 சதவீதம் குறைவாகவும், ஏற்றுமதி இறக்குமதி 15 சதவீதம் குறைவாகவும் இருக்கும் என்று கணித்து அதையே இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. லண்டன் பொருளியல் கல்லூரி ஆய்வாளர்களின் 2024 கணக்கில், ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்துவந்த சுமார் 16 ஆயிரம் நிறுவனங்கள் அதை விட்டே விட்டன. பெரும்பாலும் சிறியவை. இன்னொரு பக்கம் கணக்கியல், ஆலோசனை, சட்டம் போன்ற சேவைகளின் ஏற்றுமதி எதிர்பார்த்ததைவிட நன்றாகவே போனது. லண்டன் தப்பிக்கும் என்று கசிந்த அட்டவணை சொன்னதோடு இது ஒத்துப்போகிறது.

நிஸான்? வாக்கெடுப்பு நடந்த சில மாதத்தில், 2016 அக்டோபரில், அமைச்சர் கிரெக் கிளார்க் நிறுவனத்துக்கு ஆறுதல் கடிதம் எழுதினார். புதிய மாடல்களை சண்டர்லாந்தில் செய்வதாக நிஸான் அறிவித்தது. அதில் ஒரு மாடலை 2019 பிப்ரவரியில் கைவிட்டது. 2021 ஜூலையில் மின்சாரக் காருக்கும் பேட்டரி ஆலைக்கும் சேர்த்து 100 கோடி பவுண்டு முதலீட்டுத் திட்டத்தோடு திரும்பி வந்தது. ஒரே ஆலையின் கதையை வைத்து இரண்டு தரப்பும் தாங்கள் சொன்னதுதான் நடந்தது என்று வாதாடலாம், வாதாடுகிறார்கள். கடிதம் 2019இல் வெளியாகும்வரை நிறுவனத்துக்கு என்ன வாக்குறுதி கொடுக்கப்பட்டது என்பது அந்த ஊர் மக்களுக்கே தெரியாது. ஷாட்ஷ்னைடரின் ‘அறைக்குள் யார்’ என்ற கேள்வி இங்கே அப்படியே பொருந்துகிறது.

விலகலின் பெரிய வாக்குறுதி, உலகத்தோடு சொந்தமாக ஒப்பந்தம் போடும் சுதந்திரம். அதில் எடைபோடக்கூடிய ஒன்று இந்தியாவோடு 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தானது. நம் திருப்பூர் பின்னலாடைக்காரர்களுக்கு இது சாதாரணச் செய்தி அல்ல. வங்கதேசத்துச் சட்டை வரியில்லாமல் பிரிட்டனுக்குள் போக, நம் சட்டைக்கு 12 சதவீதம் வரை வரி இருந்தது. ஒப்பந்தம் அந்த வரியை நீக்குகிறது. திருப்பூருக்கு அவ்வளவு பெரிதாகத் தெரிவது பிரிட்டனுக்கு எப்படி? அந்நாட்டு அரசின் சொந்த மதிப்பீட்டில் நீண்டகாலத்தில் வருடம் 480 கோடி பவுண்டு, ஜிடிபியில் சுமார் 0.1 சதவீதம். மேலே சொன்ன 4 சதவீதம் வேறு அலுவலகத்தின் வேறு கணக்கு, ஒன்றோடொன்று நேராகக் கழிக்கக் கூடாது. அளவு வித்தியாசம் மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது.

அதே வருடம் மே 19 அன்று லண்டனில் பிரிட்டனும் ஒன்றியமும் உறவைப் புதுப்பித்துக்கொள்ள ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. உணவு, தாவரச் சரக்குகளுக்கான சோதனைகளில் பெரும்பகுதியை எடுத்துவிடுவதுதான் நோக்கம். பதிலுக்கு அந்தத் துறையில் ஒன்றியம் விதியை மாற்றும்போதெல்லாம் பிரிட்டனும் மாற்ற வேண்டும். ஒன்றியச் சட்டத்தின் பொருள் என்ன என்பதில் கடைசி வார்த்தை ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு. விதி உருவாகும்போது கருத்துச் சொல்லலாம், ஓட்டுக் கிடையாது. கூடவே பிரிட்டன் கடற்பகுதியில் ஒன்றியத்துப் படகுகள் 2038 வரை மீன் பிடிக்க அனுமதி நீண்டது. உணவு, தாவரச் சரக்கு உடன்பாட்டையும் இரு தரப்பின் கரியமில வாயு உமிழ்வு உரிம வர்த்தகத்தை இணைப்பதையும் சேர்த்து 2040 வாக்கில் ஏறத்தாழ 900 கோடி பவுண்டு வரும் என்று அரசு ஒற்றை எண்ணைச் சொன்னது. ஸ்காட்லாந்தில் சால்மன் பண்ணை வளர்ப்பவர்களின் அமைப்பு அன்றே வரவேற்றது. படகில் போய் மீன் பிடிப்பவர்களின் கூட்டமைப்பு பேரவலம் என்றது.